நீ கைதூக்கி நின்ற லேபிள்

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இன்று காலை இறக்கினேன். அடியில் ஒரு பட்டாசு லேபிள், மடிப்பில் கிழிந்து கிடந்தது. அதில் எதிரிச் சிப்பாயாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நீ நிற்கிறாய். வரைந்தவன் நான். நீ போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன் என்றால், இருந்தபோது சொல்லத் துணிச்சல் இல்லை என்றுதான் அர்த்தம்.

சீனச் சண்டை முடிந்த மறு சீசன். அச்சகத்தில் நான் லேபிளுக்குப் படம் போடுகிறவன். நீ படம் அச்சடிக்கிற லித்தோ கல்லில் பழைய படத்தைத் தேய்த்து அழித்துக் கொடுக்கிறவன். நம் ஜவான் முன்னால் எதிரி சரணடைகிற மாதிரிப் படம் வேண்டும் என்று நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையிலிருந்து ஆர்டர் வந்தது. கைதூக்கினால் தோள் எப்படி இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் சரணடைந்த பட்டாளத்தில் நீ இருந்தவனாயிற்றே என்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல் உன்னை நிற்கச் சொன்னேன். நீயும் நின்றாய்.

நின்றபடியே பேசினாய். "துப்பாக்கியக் கீழ வச்சா உசிரு தப்பும்னு ஆபீசர் சொன்னாரு, வச்சோம். பொறவு கப்பல்ல ஏத்தி ஏதோ தீவுக்குக் கொண்டு போயி மண்ணு சுமக்க விட்டானுக. பசியிலயும் காய்ச்சல்லயும் என் கூட்டாளிக அம்புட்டுப் பேரும் போயிட்டானுக."

"அப்ப சண்டை போட்டிருக்கணும்கிறியா?"

"போட்டிருந்தா நான் ஏதுலே இங்கன? எது சரின்னு செத்தவனக் கேட்டாத்தான் தெரியும்."

நான் உன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனக்காரன் மாதிரி கண்ணைச் சின்னதாக்கிவிட்டால், அது நீ என்று யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. கன்னத்து மருவை மட்டும் அப்படியே போட்டுத் தொலைத்தேன்.

புரூப்பைப் பார்த்ததும் "மூஞ்சிய மட்டும் மாத்திருலே" என்றாய். "லோடு போகணும், இனி கல்லத் தொட முடியாது" என்றேன். நீ புரூப்பை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கல்லைத் தேய்க்கப் போனாய்.

அந்தத் தீபாவளிக்குத் தெருவெல்லாம் உன் முகம். டீக்கடையில் உன்னைக் கண்டாலே கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். நான் சண்டைக்குப் போகக் கிளம்பியபோது, "விடுலே, பேசாம இருந்தா அவனுகளே ஓஞ்சிருவானுக" என்று தடுத்தாய். ஒருவனும் ஓயவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உன் மகள் அழுத வாரம், வீட்டைக் காலி செய்துகொண்டு ஆமத்தூர்ப் பக்கம் போய்விட்டாய். வழியனுப்பக்கூட நான் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சரணடைந்தால் உயிர் மிஞ்சுமா என்று யாராவது வாதம் செய்தால், நான் எழுந்து போய்விடுகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ எங்களிடமும் சரணடைந்தாய், நாங்களும் விடவில்லை.

கல்லில் ஒரு முகத்தை அழித்துத் திருப்பி வரைய அரை மணி நேரம் போதும். எனக்கு அது எம்மாத்திரம். உனக்கும் அது தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் அன்று பேசாமல் போனாய்.