முதல் ஷெட்

மார்ச் 4

என் பட்டறைக்காரிக்கு,

நான் சமைத்ததை நானே சாப்பிட்டும் உயிரோடு இருக்கிறேன். அதனால் நலம் என்றே எழுதுகிறேன்.

தொழிற்பேட்டை வேலை முடிந்துவிட்டது. ரோடு, கரண்ட், தண்ணீர் எல்லாம் வந்தாயிற்று. கம்பெனிதான் ஒன்றும் வரவில்லை. முதல் ஷெட்டுக்கு நீ விண்ணப்பம் போடு. மிஷின்களோடு வந்துவிடு. இந்த வட்டாரம் முன்னேற ஓர் ஆரம்பம் வேண்டும். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் வேண்டும்.

உன் ஆபீசர்


ஏப்ரல் 19

ஆபீசர் ஐயாவுக்கு,

அங்கே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து, எப்படி எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஷெட் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் நின்று, "யாருங்க அங்க?" என்றேன். வாட்ச்மேன் மட்டும் எட்டிப் பார்த்தார்.

நேற்று இங்கே பாட்டில் மூடி அச்சில் விரிசல். எதிர்க்கடை வெல்டர், "குடுங்கக்கா, சாப்பிட்டு வந்து அடைச்சுத் தரேன்" என்று வாங்கிப் போனார். சாயங்காலமே வேலை ஓடியது. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போன ஃபிட்டர், பக்கத்துப் பட்டறையில் புது வேலை பழகிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்து நிற்கிறார். இதையெல்லாம் லாரியில் ஏற்ற முடியாதுங்க.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பட்டறைக்காரி


மே 2

வெல்டர் இருக்கிறார், ஃபிட்டர் இருக்கிறார். உன் கடிதத்தில் நான் எங்கே?

அடுத்தவன் வரட்டும் என்று எல்லோரும் இருந்தால் எந்த ஊரும் வளராது. யாராவது முதலில் வந்தாக வேண்டும். என் மனைவியே வராத இடத்துக்கு நான் வேறு யாரைக் கூப்பிடுவேன்?


செப்டம்பர் 27

பட்டறைக்காரிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடு என்று நானும் கேட்கவில்லை.

ஆபீஸ் மின்விசிறி புகைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனேன். ஒரே சந்தில் வரிசையாக மோட்டார் வைண்டிங் கடைகள். வாசலெல்லாம் வயல் மோட்டார்கள். ஒருவருக்குக் கம்பி தீர்ந்தால் அடுத்த கடைக்காரர் நீட்டுகிறார். இரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்தச் சந்தில் கால் வைத்ததில்லை.

"நம்ம பேட்டைக்கு வந்துடுங்களேன்" என்றேன்.

"அங்க வந்தா எங்கள யாரு சார் தேடி வருவா?" என்று சிரித்தார் ஒருவர். நீ பேசுவது போலவே இருந்தது.

வெளியூர் கம்பெனிகளைக் கெஞ்சுவதை விட்டுவிட்டேன். அந்தச் சந்துக்கு நல்ல மின்சாரமும் ஒரு பயிற்சிக்கூடமும் கேட்டு எழுதினேன், மேலிடம் ஒப்புக்கொண்டது. முடிய நாலைந்து வருஷம் பிடிக்கும். இருந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"வீட்ல யாரும் இல்லையா சார்?" என்று வைண்டிங்காரர் கேட்டார்.

"இருக்காங்க. அவங்க ஊர்ல அவங்களுக்கு வேலை இருக்கு" என்றேன்.

இனி உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். அங்கே நம் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அனுப்பிவிடவா?


அக்டோபர் 8

ஆபீசர் ஐயாவுக்கு,

சாவி உங்களிடமே இருக்கட்டும். எப்போதாவது வந்தால் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பகலில் நான் பட்டறையில் இருப்பேன். ராத்திரியிலும் மிஷின் சத்தம் காதிலேயே இருக்கிறது; தட்டுவது கேட்காது.

உங்கள் பட்டறைக்காரி