பேர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை

மோட்டார் கொட்டகையைத் திறந்தால் இன்னும் அந்தக் கருகல் நாற்றம்தான் வருகிறது, பாப்பா. இந்த ஆவணியில் விழுந்த இடி, சுவரில் நீ மாட்டிவைத்த பச்சைச் சர்க்யூட் பலகையை எரித்துவிட்டது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது. படிக்க நீயும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் ஓடி ஓடி, வரப்பில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பு பிசகியபோதுதான் நீ சென்னையிலிருந்து வந்து அந்தப் பலகையை மாட்டினாய். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். வயலில் வேண்டிய மட்டுக்குத் தண்ணீர் ஏறியதும் தானாக நிற்கும். விதைநெல் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து அதற்கான புரோகிராமை எழுதினாய். சி என்று ஒரு பாஷை என்றாய்.

திரையில் ஊதா நிறத்தில் வரிவரியாக வந்தது.

"என்ன பாப்பா, உன்னைத் திட்டுதா?"

"திட்டலப்பா, முனகுது. சில வேலையைச் செய்யச் சொல்லியிருக்கேன். அதுங்க பேரை மேல முன்கூட்டியே சொல்லலியாம். யாரு இது, எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குது."

"சொல்லிட்டாத்தான் என்ன?"

"ஓடுதுல்ல? அறுப்புக்கு வர்றப்ப உக்காந்து சரிபண்ணிடுறேன். நீ அந்தக் காப்பியக் குடி, ஆறிப்போவுது."

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாய். "இது யாரு தெரியுமா? நீதான். மோட்டாரை எப்ப நிறுத்தணும்னு இதுதான் சொல்லும். போதும்னு பேரு வெச்சிருக்கேன். சோறு போடுறப்பவும் நீ அதானே சொல்ற?"

"நான் சொன்ன கணக்குப்படி எழுதிட்டியா?"

"அப்படியே எழுதினா வயலு குளமாயிடும். நானும் கொஞ்சம் சேத்திருக்கேன். என்னன்னு அறுப்புக்குச் சொல்றேன்."

அந்தக் குறுவையில், இன்னும் ஏறட்டும் என்று நான் நினைக்கிறபோதே மோட்டார் நின்றுவிடும். நின்று பார்த்துத் திட்டுவேன். சாயங்காலம் மழை கொட்டும். போனில் சொன்னால் நீ சிரிப்பாய்.

அறுப்புக்கு நீ வரவில்லை. காய்ச்சல் என்று சென்னையில் படுத்தவளை அமரர் ஊர்தியில்தான் கொண்டுவந்தோம். ஆபீஸ்காரர்கள் அவர்கள் லேப்டாப்பைக் கேட்டார்கள். மூடியில் இருந்த மண்ணைத் துண்டால் துடைத்துக் கொடுத்தேன்.

நீ போன பிறகும் பலகை வேலை செய்தது. விடியற்காலையில் மோட்டார் தானாக நிற்கும் சத்தம் கேட்டால், பாப்பா பார்த்துக்கொள்கிறாள் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். இடி விழும்வரை அப்படித்தான் இருந்தேன்.

உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது திருவாரூரில் பாடம் நடத்துகிறாளே, அவள் போன ஞாயிறு புதுப் பலகையோடு வந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் நீ அந்தப் புரோகிராமைப் போட்டு வைத்திருந்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை எழுத்தெல்லாம் சிவப்பாக வந்தது.

"முன்னல்லாம் முனகிட்டு விட்டுடும் பெரியப்பா. இப்ப வந்திருக்கிற புது சாப்ட்வேரு பேரு சொல்லாம உள்ள விடாது. பயப்படாதீங்க, மேல ஒவ்வொரு வரி எழுதினா சரியாயிடும்."

இன்ன பேர், இதை வாங்கிக்கொள்ளும், இதைத் திருப்பித் தரும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஒவ்வொன்றாகச் சிவப்பு குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நீ வந்துவிடுவாய் என்பதுபோல வாசலைக்கூடப் பார்த்தேன். கடைசியில் ஒரு வரி மட்டும் போகவில்லை. அவள் மேலும் கீழும் தேடினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இதுக்கும் மேல பேரு எழுதிட்டேன் பெரியப்பா. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. இந்த வேலையை வேற பைல்ல எழுதியிருக்கா. அது இந்தப் பென் டிரைவுல இல்ல. அவ லேப்டாப்புல மட்டும் இருந்திருக்கும்."

"என்ன பேரும்மா?"

"போதும்."

அவளே தொடர்ந்தாள். "எந்தப் பருவத்துக்கு எவ்வளவு தண்ணின்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதிடுறேன்."

நட்ட பயிருக்கு, தூர் கட்டும் பயிருக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். "இது என் கணக்கும்மா. அவ சேத்தது எனக்குத் தெரியாது."

"வெறுமனே வெச்சா மோட்டாரு ஓடும். ஆனா நிக்காது பெரியப்பா."

"வேணாம்மா" என்றேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினாள்.

புதுப் பலகை அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. கரண்ட் வந்தால் நானே போய் மோட்டாரைப் போடுகிறேன். வரப்பில் குந்தி, தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்து நிறுத்துகிறேன். நேற்றும் அப்படித்தான் நிறுத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வயல் முழுகிக் கிடக்கிறது. நீயாக இருந்தால் முன்னமே நிறுத்தியிருப்பாய். எவ்வளவு முன்னால் என்பதுதான், பாப்பா, எனக்குத் தெரியவில்லை.