மாமனாரின் சாட்சி

ஜூன் 3, செவ்வாய்

நோட்டில் மூன்றாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன். முதல் இரண்டு பக்கங்களில் என் பெயரும் மகள் பெயரும் மட்டும்தான், மேலிருந்து கீழ்வரை. இன்று வகுப்பில் டீச்சர், "இனிமே பேரு போதும் ஐயா. தினம் என்ன நடந்துச்சுன்னு எழுதிப் பழகுங்க" என்றார். டீச்சருக்கு என் மகளைவிட வயது குறைவு. கண்டிப்பு அதிகம்.

என்ன நடந்தது? பஸ்ஸில் வந்தேன். ஜன்னலுக்கு மேலே, கை தலையை வெளியே நீட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நானே வாசித்தேன்! நாற்பது வருடமாக அதே பஸ்ஸில் கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம். விரல் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை நிறுத்தினார். சபைக்கு ஐம்பது வயது ஆகிறதாம். அடுத்த மாதம் விழா. நினைவு மலர் ஒன்றும் போடுகிறார்கள்.

"உங்க சாட்சி இல்லாம மலரா? இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்டீங்களே. உங்க கையாலேயே எழுதிக் குடுங்க. கையெழுத்தை அப்படியே அச்சுல போட்டுடலாம்."

சபைச் செயலர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்த மனிதர் எதற்கும் லேசில் தலையாட்டமாட்டார்.

குடியிலிருந்து மீண்டவர். சபையில் எனக்கு அதுதான் பட்டம். புருஷன் குடிக்கிறான் என்றால் பெண்கள் என்னிடம்தான் கூட்டி வருவார்கள். பிளம்பரை அவர் மனைவி அப்படித்தான் கூட்டி வந்தார். அவர் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. இன்றும் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

போதகரிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று எழுதிய வரியைக் காலையிலிருந்து ஏழெட்டு முறை வாசித்துவிட்டேன். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதினால் அது அங்கேயே உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது.

சரி, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே நானும் என் மனைவியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். எனக்குக் கீழ்த்தளத்தில் சலவை அறை. பக்கத்து அறையில் அவள் கிழிந்த விரிப்பும் தலையணை உறையும் தைப்பாள். எந்தத் துணி எந்த வார்டுக்கு என்று துணியிலேயே எழுதியிருக்கும். எனக்கு எழுத்து தெரியாது. மாற்றி அனுப்பித் திட்டு வாங்குவேன். ஒருநாள் பார்த்தால் விரிப்பின் ஓரத்தில் நூல் அடையாளம்! பிரசவ வார்டுக்கு மஞ்சள், குழந்தைகளுக்குப் பச்சை, ஆபரேஷன் அறைக்குச் சிவப்பு. மேற்பார்வையாளர் கேட்டதற்கு, "ஓரம் பிரியாம இருக்கத் தைச்சேன் சார்" என்றாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. அந்த நூலைப் பார்க்க ஆரம்பித்தவன்தான், அப்புறம் தைத்தவளையும் பார்க்க ஆரம்பித்தேன்.

கல்யாணம் ஆன பிறகு, தினமும் காலையில் நான் ஷேவ் செய்யும்போது அவள் வேதம் வாசிப்பாள். கணீரென்று இருக்கும். ஒரு கன்னம் முடிவதற்குள் ஒரு அதிகாரம் முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது வாசித்ததா, வாசித்த குரலா? அன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் எடுக்கிறவர் தண்ணீரில் இறங்குமுன் படியில் நின்று, தான் எப்படி இரட்சிக்கப்பட்டார் என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். எனக்குச் சொல்ல என்ன இருந்தது? திருடவில்லை, அடிதடி இல்லை. ஒரே ஒரு பீடி பிடித்து இரண்டு நாள் இருமினேன்.

அவளிடம் ஒரு சாட்சி இருந்தது. அவள் அப்பாவுடையது. பெருங்குடிகாரராக இருந்து, கர்த்தரிடம் வந்து, அடியோடு விட்டவர். அவர் ஊர்ச் சபையில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அந்த நாளுக்கு நான்கு நாள் முன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"எங்கப்பா இப்படிப் படியில நின்னு சொல்ல வேண்டியதுங்க. அவருக்குக் குடுத்து வைக்கல. நீங்க சொல்லிடுங்களேன்" என்று அழுதாள். புதுப் பெண்டாட்டி அழுதால் நான் எதைத்தான் மறுப்பேன்? ஒரு வாரம் உட்காரவைத்து மனப்பாடம் செய்வித்தாள். சொன்னேன். சபையே அழுதது. படியில் நின்றவர் மாமனார். தண்ணீரில் இறங்கியவன் நான்.

நாற்பத்துநான்கு வருடம் அதையே சொல்லிவிட்டேன். பாதியில் கை நடுங்குவதாக வரும் இடத்தில் இப்போதெல்லாம் என் கை நிஜமாகவே நடுங்குகிறது.

கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது அவள்தான் பேச்சை எடுத்தாள். "அதை நான் உங்களுக்குக் குடுத்திருக்கக் கூடாதுங்க. என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு பரலோகத்துல நுழைஞ்சிடலாம்னு பாக்காதீங்க. ஒவ்வொருத்தராத்தான் விடுவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பு அப்படியே காதில் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மகளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கவே இல்லையா? ஒரு தடவைகூட?"

"இல்லம்மா."

"அப்பா! ஸ்கூல்ல உங்களைப் பத்திக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கேன்! டீச்சரே அழுதாங்க!"

"தெரியும். அந்தக் கோப்பையைத் துடைச்சுத் துடைச்சு வெச்சவனே நான்தான்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அது போகட்டும். நீங்க நிஜமா நம்பறீங்களாப்பா? இல்ல, அம்மாவுக்காகப் போய் வர்றீங்களா?"

உடனே பதில் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்புக்குப் போகாமல் போதகரைப் பார்க்கப் போனேன். முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"அப்ப நான் எடுத்த ஞானஸ்நானமும் பொய்யா ஐயா?"

"நீங்க சொன்ன கதை பொய். நம்பிக்கை பொய்யா மெய்யான்னு நான் எப்படிச் சொல்றது? அதை உங்களுக்காக நான் நம்ப முடியாது. உங்க வீட்டம்மாவும் நம்பியிருக்க முடியாது. நீங்கதான் பதில் சொல்லணும், அதுவும் எனக்கில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மலர்ல எது வந்தாலும் சரி. அதுக்கு முன்னாடி பிளம்பர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யார் மூலமாவும் அவர் காதுக்குப் போகக் கூடாது" என்றார்.

ஜூன் 21, சனி

பிளம்பர் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் புகுந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே கால் மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியாததால் தைரியம் வந்தது. இரண்டு பாதங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"மூணாம் நாள்தான் ரொம்பக் கஷ்டம், அதைத் தாண்டிட்டா போதும்னு சொன்னீங்களே, அது?"

"என் மாமனாருக்கு."

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொன்னீங்களே?"

"அதுவும் அவர்தான்."

"அப்ப உங்களுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

"தெரியாதுப்பா."

வேலையை முடித்தார். குழாயைத் திறந்து மூடிக் காட்டினார். மகள் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. "சொட்டாது இனிமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் செய்தது சரியா? என் மனச்சுமையை இறக்க அந்த மனிதரின் தலையில் அல்லவா வைத்துவிட்டேன்?

ஜூன் 22, ஞாயிறு

பிளம்பர் ஆராதனைக்கு வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இன்றும் வரவில்லை. அவர் மனைவி மட்டும் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டேன். "பேசவே மாட்டேங்கறாருங்க. எங்க போறாருன்னும் தெரியல" என்றார். என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

ஆண்டவரே, அவரை விட்டுவிடாதிரும். என் நாக்கு செய்ததற்கு அவர் விழ வேண்டாம்.

ஜூலை 2, புதன்

மதியம் முழுதும் ஆறு வரி வாசித்தேன். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய குற்றவாளியின் கதை. அவள் எத்தனையோ காலை வாசித்துக் கேட்டதுதான். இன்று அவள் குரல் இல்லாமல் என் குரலில், தட்டுத் தடுமாறி.

அந்த ஆள் படியில் நின்று எதுவும் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கவில்லை, எப்படி இறங்குவான்? யாரும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கவும் இல்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான். அவ்வளவே. இன்றே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று பதில் வந்தது. அது போதுமாக இருந்தது.

புத்தகத்தை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. 'நானே வாசிச்சேன், கேட்டியா?'

ஜூலை 4, வெள்ளி

மலருக்கு எழுதியது. நான்கு தாள் கிழித்த பிறகு இது:

'நான் குடிகாரனாக இருந்ததில்லை. இதுவரை நான் சொன்னது என் மாமனாரின் சாட்சி. சபை என்னை மன்னிக்க வேண்டும். என்னுடையது சின்னது. என் மனைவி இறந்த ஒன்பதாம் நாள் காலை ஷேவ் செய்ய உட்கார்ந்தேன். வாசிக்க ஆள் இல்லை. முகமெல்லாம் சோப்பு நுரையோடு, அவ போயிட்டா, எனக்கு எழுத்து தெரியாது, இனிமே என்கிட்ட எப்படிப் பேசுவீங்க என்று ஆண்டவரைக் கேட்டேன். யாரும் சொல்லித்தராமல் நான் செய்த முதல் ஜெபம் அது. வெளிச்சம் வரவில்லை. குரல் கேட்கவில்லை. நுரைதான் காய்ந்தது. ஆஸ்பத்திரியில் மாடியிலிருந்து அழுக்குத் துணி மூட்டையை ஒரு பெரிய குழாய் வழியாகக் கீழே போடுவார்கள். போடுகிற நர்ஸ் கீழே நிற்கும் என்னைப் பார்த்ததில்லை. துவைத்துவிட்டும் போடமாட்டார். ஆள் இருக்கிறான் என்று நம்பிக் கையை விடுவார். முப்பத்தாறு வருடம் நான் கீழே நின்று வாங்கினேன். அன்று காலை மேலே நின்று கையை விட்டேன். வாங்கிக்கொண்டார். அதை நம்புகிறேன். அதற்குப் பிறகுதான் எழுத்துப் படிக்கப் போனேன்.'

மகளிடம் காட்டினேன். வாசித்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ இன்னும் நுரை இருப்பதுபோல.

ஜூலை 6, ஞாயிறு

செயலர் தாளை வாசித்தார். காது சிவந்துவிட்டது. "ஐம்பது வருஷ சபைங்க. மலர் எத்தனை ஊருக்குப் போகும்! ஏமாத்தினேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா நாளைக்கு யாரு எந்தச் சாட்சியை நம்புவான்?" என்றார். போதகர், "அப்படியே போடுங்க" என்றார். செயலர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிளம்பர் இன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

வந்துவிட்டார்!

கதவைத் திறந்தால் பிளம்பர் நிற்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கு இங்கேருந்து நேரா கடைக்குத்தான் போனேன். தெரிஞ்சுக்கங்க."

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"வாசல்ல நின்னேன். உங்களைத் திட்டினேன். உங்க மாமனாரையும் சேத்துத் திட்டினேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன். தினமும் இதே கூத்து. மூணு வாரம். நேத்துதான் உறைச்சுது: உங்க கதை போயி மூணு வாரமாச்சு, நான் இன்னும் குடிக்கல. அப்ப என்னைப் பிடிச்சு வெச்சிருந்தது நீங்க இல்ல."

"நான் இல்லப்பா. எப்பவுமே நான் இல்ல."

"அதான் சொல்றேனே! பெரிய ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேன் உங்களை. பீடிக்கே இருமின ஆளு!"

மகள் காட்டிக்கொடுத்திருக்கிறாள். பிறகுதான் உட்கார்ந்தார். கோபம் முழுதும் போகவில்லை. பாதி போயிருக்கும். "உங்க மாமனார் மூணாம் நாளைப் பத்திச் சொன்னது மட்டும் நெஜம்" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

விழா. மலர் வந்துவிட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்து, கோணல்மாணலாக, அச்சில்! என்னை நானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

சிலர் தோளில் தட்டினார்கள். சிலர் பார்க்காததுபோல் போனார்கள். ஒரு அம்மா, "இத்தனை வருஷம் என் வீட்டுக்காரரை உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேனே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே பிளம்பரிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஜூலை 31, வியாழன்

வகுப்பிலிருந்து திரும்பினால், செயலர் எங்கள் வீட்டு வாசல்படியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் மலர். ஏதோ தவறு கண்டுபிடித்து வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"மக வேலைக்குப் போயிருக்கா."

பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார், மூடினார்.

"முப்பது வருஷமாச் செயலரா இருக்கேன். எத்தனையோ பேரை உக்கார வெச்சு, நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களான்னு கேட்டிருக்கேன். என்னை ஒருத்தரும் கேட்டதில்லைங்க." மலரை என்னிடம் நீட்டினார். "நீங்க கேளுங்க."

கேட்டேன்.

அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவருடையது. பிறகு இருவரும் ஜெபித்தோம். பெரிய கூட்டங்களில் கால் மணி நேரம் தடையில்லாமல் ஜெபிக்கிற மனிதருக்கு இன்று இரண்டு வார்த்தைக்குமேல் வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன்.