மாடத்தியின் பெயர் வரும் அடி

இன்று காலை செட்டியார்பட்டி பஸ் நிறுத்தத்தில் பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகளோடு நீ மில் கேட்டை விட்டு வருவது போலிருந்தது.

ராஜபாளையத்து நூல் மில்லில் நாம் ஒன்றாக வேலை பார்த்த காலம் அது. பஞ்சுக் கொட்டகை தீப்பிடித்து, நம்மோடு வேலை பார்த்த மாடத்தி உள்ளே கருகிச் செத்தபோது, கதவு வெளியே பூட்டியிருந்தது. நீயும் நானும் கண்ணால் பார்த்தோம். அப்படி ஒருத்தி இங்கே வேலை பார்க்கவே இல்லை என்றது நிர்வாகம். எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் ஏறவில்லை.

அந்த வருஷம் அம்மன் கோயிலில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்தபோது, பழைய பாட்டில் நீ புதிதாக ஓர் அடி சேர்த்தாய்.

"பஞ்சுக் கொட்டகை பத்தி எரிய – மாடத்தி
பூட்டுன கதவத் தட்டி நின்னா."

மறுநாளே மில் மேஸ்திரி உன் வீட்டுக்கு வந்தார்.

"மொதலாளி காதுக்குப் போயிருச்சு. அந்த அடிய விட்டுட்டுப் பாடு தாயி."

அடுப்படியை விட்டு எழாமலே நீ சொன்னாய்: "வேலைய நீங்க குடுத்திய, எடுத்துக்கிடுங்க. பாட்ட நீங்க குடுக்கலையே."

அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு வேலை போனது. மறு வருஷமும் பாடினாய்.

மாடத்தியின் மகள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அம்மாவின் பெயரைக் கேட்கவே ஒவ்வொரு முளைப்பாரிக்கும் வந்துவிடுவாள்.

நீ இல்லாத முதல் முளைப்பாரி இந்த வருஷம்தான். பந்தலும் விளக்கும் மில்லிலிருந்து வந்தன. கோயில் கமிட்டித் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

"பாடுனவளே போயிட்டா. நடந்ததுக்கு ஆதாரமும் இல்ல. இனிமே அந்த அடி எதுக்குக்கா?"

"எழுத விடாதவுகதான ஆதாரம் கேக்காக," என்றேன். "பாத்தவ நான் இருக்கேன். பாடத்தான் செய்வேன்."

அந்த அடி வந்ததும் மைக்கை அணைத்தார்கள். கும்மிக் கைத்தட்டு நிற்கவில்லை. அதுவரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தவள், மாடத்தியின் மகள், வட்டத்துக்குள் வந்தாள். தன் அம்மாவின் பெயரைத் தானே பாடினாள். நாங்கள் எல்லாரும் திருப்பிப் பாடினோம். பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

உன் குரல் வளம் எனக்கில்லை. உச்சத்தில் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஆனாலும் மூச்சு இருக்கிற மட்டும் அந்த அடியை நான் விடப்போவதில்லை.