கசங்காத சட்டைக்காரரின் முதல் குற்றம்

அனுப்புநர்
துணி தேய்க்கும் கடைக்காரி,
மருந்துக் கடைக்கு எதிர்ப்புறம்.
(குடியிருப்பு: அதே கட்டடம், மூன்றாம் மாடி)

பெறுநர்
நன்னடத்தை அலுவலர் அவர்கள்,
நீதிமன்ற வளாகம்.

பொருள்: வீட்டு மோசடி வழக்கில் குற்றவாளியான எங்கள் தெரு வீட்டுத் தரகரை, முதல் குற்றம் என்ற காரணத்தால் சிறையின்றி விடப் பரிந்துரைக்க வேண்டாம் எனக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தரகர் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனைதான் பாக்கி. அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கத் தாங்கள் சென்ற வாரம் எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். மருந்துக் கடைக்காரரைக் கேட்டீர்கள், மளிகைக் கடைக்காரரைக் கேட்டீர்கள். இருவரும் தங்கமான மனிதர் என்றார்கள். பிறகு என் கடை நிழலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டீர்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2. இடுப்பு எலும்பு முறிந்த என் கணவரால் மாடிப்படி ஏறி இறங்க முடியாது. அதனால் தரைத்தள வீடு ஒன்றை விலைக்கு வாங்க எங்களிடம் இருந்ததையெல்லாம் தரகரிடம் கொடுத்தோம். அவர் ஒரு சாவி கொடுத்தார். குடிபோகும் நாளில் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் கீழே தூக்கி வந்தார்கள். பல நாள் கழித்துத் தெருவைப் பார்த்த மனிதர், போவோர் வருவோருக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தார்.

3. சாவி திரும்பவில்லை. தரகருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "புதுப் பூட்டும்மா, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்க" என்றார். நானும் ஓடிப்போய் எண்ணெய் வாங்கி வந்து விட்டேன். அதற்குள் கட்டில் பீரோவோடு இன்னொரு குடும்பம் வந்து இறங்கியது. அவர்கள் கையிலும் ஒரு சாவி. சத்தம் கேட்டு, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறந்தார். வீட்டை விற்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை.

கணவரை மறுபடி மேலே தூக்கிப் போனோம். அன்றிலிருந்து அவர் கீழே வரச் சம்மதிப்பதில்லை.

4. அந்த ஒரு கதவுக்கு எத்தனை குடும்பங்கள் வந்தன என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சாவி வெட்டியிருக்கிறார். சாவி வெட்டுபவர் முன்னால் அத்தனை முறை போய் நின்றவருக்கு இது முதல் குற்றமாம். முதல் முறை மாட்டிக்கொண்டார் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

5. நல்ல பெயர் இருக்கிறதே என்பார்கள். அந்த நல்ல பெயரைக் காட்டித்தானே எங்களை ஏமாற்றினார்? முரடன் கேட்டிருந்தால் நாங்கள் கொடுத்திருப்போமா?

6. ஜாமீனில் வீட்டில் இருக்கும் அவர் துணிகள் இன்றும் என்னிடம்தான் தேய்க்க வருகின்றன. அவர் மனைவி கொண்டுவருவார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. வெள்ளைச் சட்டை அவசரம் என்று வந்தால் மறுநாள் விசாரணை என்று தெரிந்துகொண்டு கடையைப் பூட்டிவிட்டு நானும் நீதிமன்றத்தில் போய் உட்காருவேன். போன முறை அந்தப் பெண், "மொத தடவைதானேக்கா, ஜெயிலெல்லாம் இருக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு" என்றார். அப்போதும் சட்டையின் மடிப்பைக் கலைக்காமல்தான் கொடுத்தேன்.

7. ஐயா, நான் பெருந்தன்மைக்காரி இல்லை. அவர் சிறைக்குப் போக வேண்டும். தன் கையில் சாவி இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, சன்னல் வழியாக மட்டும் வெளியைப் பார்க்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று என் கணவரிடம் கேட்டுத் தங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாடி ஏறி வந்தால் போதும்.

8. தண்டனை சொல்லும் நாளுக்கான வெள்ளைச் சட்டை நேற்றே வந்துவிட்டது. வந்த துணியைத் தேய்க்காமல் நான் திருப்பியதில்லை. இதை மட்டும் அன்று காலை வரை சுருட்டியே வைத்திருப்பேன். அவர் மனைவி வாங்க வந்தால், "புதுப் பெட்டிம்மா, கொஞ்சம் சூடேறட்டும்" என்பேன்.

தக்க அறிக்கை தருமாறு வேண்டும்,

(கையொப்பம்)
துணி தேய்ப்பவர்

இடம்: என் கடை
நாள்: தண்டனை நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை