பதினோராவது மாத்திரை

அக்கா,

இன்று காலை மாத்திரை அட்டையின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பட்டென்று தகடு கிழிந்து மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. அந்தச் சத்தம் உங்கள் சத்தம். யார் காதிலும் விழக் கூடாதென்று மிக்ஸியை ஓடவிட்டுத்தான் நீங்கள் அட்டையைப் பிதுக்குவீர்கள். ஒருநாள் உள்ளே தேங்காயே போடாமல் ஓட்டிக்கொண்டு நின்றீர்கள். விஷயம் தெரிந்த நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

எனக்கு இது பதினோராவது மாத்திரை. பத்து நாளாக வயிறு புரட்டுகிறது, வாய் உலர்ந்து கிடக்கிறது, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. மனசு மட்டும் போட்டது போட்டபடியே இருக்கிறது. இதெல்லாம் நோயா, மருந்து செய்கிற வேலையா? தொடர்வதா, நிறுத்துவதா? ஒன்றும் புரியவில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் கேட்டிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டபோது நான் சொன்ன பதில் இருக்கிறதே, அதை நினைத்தால் கேட்கவும் வாய் வராது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஒரே வாசலில் புழங்கினோம். நம் கோழிப் பண்ணையில் முட்டை எடுப்பது உங்கள் பாடு, தீவனமும் மருந்தும் என் பாடு. அதனால்தான் வினையே வந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் நீங்கள் முட்டை அட்டையைப் பிடித்தபடி கொட்டகை நடுவில் அப்படியே நின்றுவிடுவீர்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். சேலம் அஸ்தம்பட்டி டாக்டரம்மாவிடம் போய் வந்தபின் ஊருக்குத் தைராய்டு என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டீர்கள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி. இது மனசுக்குக் குடுத்த மாத்திரை" என்றீர்கள். பத்து நாள் கழித்து நீங்களே வந்தீர்கள். "ஒண்ணுந் தெரியலயே சாமி. வாந்தி வர்ற மாதிரியேதான் இருக்குது."

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஏனுங்க்கா, கோழிக்குச் சளி புடிச்சா தண்ணியில மருந்தக் கலக்கி அஞ்சு நாள் வெக்கறோம். மூணாம் நாளே தீவனத்துக்குக் கழுத்த நீட்டுது. பத்து நாள்ல கேக்காத மருந்து பொறவு எப்பங்க்கா கேக்கும்? நிறுத்திப்போடுங்க!"

நாற்பதாயிரம் கோழிக்கு மருந்து கலக்குகிறவள் சொல்கிறாளே என்று நீங்களும் நம்பிவிட்டீர்கள். அன்றைக்கே நிறுத்தினீர்கள்.

அதன்பின் ஐந்து மாதம் நீங்கள் கட்டிலை விட்டு எழுந்ததே அபூர்வம். தலை வாரிவிடக் கூப்பிட்டால்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தீர்கள். கொட்டகைக்கு வந்தீர்கள், வேலைக்காரப் பெண்களைக் கேலி செய்தீர்கள், என் சாம்பாரில் குறை கண்டுபிடித்தீர்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மாத்திர இல்லாமலே சரியாயிருச்சு, பாத்தீங்களாக்கா?" என்று உங்களிடமே பெருமையடித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே "ஆமா சாமி" என்றீர்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவர் ஆறாம் நாள் போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்து உங்கள் பீரோவை ஒழுங்குபண்ணும்போது சேலை மடிப்புக்குள் அட்டை அட்டையாக அதே மாத்திரை. கூடவே டாக்டரம்மாவின் சீட்டு. இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். என்னிடம் மூச்சுவிடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை அக்கா, கோபம் வந்தது. ஒரே சட்டியில் சோறு தின்ற என்னை அந்நியமாக்கிவிட்டீர்களே என்று கோபம். கூடவே ஒரு குழப்பமும் வந்தது. சாம்பாருக்குக் குறை சொன்னது நீங்களா, மாத்திரையா? படுத்துக் கிடந்தவர் என் அக்காவா, கேலி பேசியவர் என் அக்காவா?

இந்த ஆடியில் எனக்கே வந்துவிட்டது. தீவனத்தில் முட்டையோட்டுக்கான கிளிஞ்சலைக் கொட்டிவிட்டு, கொட்டினேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் கொட்டினேன். குளிக்கவே மலைப்பாக இருந்தது. ஒருநாள் மத்தியானம், இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அதற்குத்தான் பயந்துபோனேன். கண்ணாடி மாற்றுவதாகச் சொல்லிவிட்டு, உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அவங்களப் பத்தி நான் பேசக் கூடாதுங்க. உங்களப் பத்திப் பேசலாம்" என்றார். பேசினேன். அவர் சொன்னார்: "மாத்திர வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும்ங்க, சிலருக்கு அதுக்கும் மேல. தொந்தரவு முதல்ல வரும், நல்லது பின்னாலதான் வரும். சரியானப்புறமும் சில மாசம் சாப்பிடணும். நீங்களா நிறுத்திடாதீங்க. வாழ வேண்டாம்னு நெனப்பு வந்தா வீட்ல சொல்லுங்க, உடனே எனக்கும் போன் பண்ணுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டேன். "இத முழுங்குனா எங்கக்காவ மறந்துபோடுவேனுங்களா?"

"இது மறக்கறதுக்கான மாத்திர இல்லீங்க. அழுகை வந்தா அழுவீங்க. அழுதுட்டு எந்திரிச்சு வேலையையும் பாப்பீங்க, அவ்வளவுதான்."

அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. பத்து நாள் சாப்பிட்டேன். இன்று காலை மாத்திரை அட்டையும் கையுமாகக் குழாயடியில் ஓங்கரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கொழுந்தனார் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, என்ன மாத்திர அது?"

வாயுக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பொய் சொல்லவும் தெம்பில்லை. "மனசுக்குங்க. அஸ்தம்பட்டி டாக்டரம்மா குடுத்தது."

அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணிக்குக் குடுத்ததேதான். சேலத்துக்கு முட்ட லோடு எறக்கிட்டு வர்றப்ப மாசாமாசம் நாந்தானே வாங்கியாந்து குடுத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாதா? எங்கிட்ட எதுக்குங்க மறைச்சீங்க?"

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாஞ் சொல்லிப்போடலாம்னுதான் சொன்னேன். அண்ணிதான் வேண்டாம்னுட்டாங்க. 'நிறுத்தச் சொன்னவ அவ. மறுக்காச் சாப்பிட்டுத்தான் நல்லானேன்னு தெரிஞ்சா, நான் அஞ்சு மாசம் படுத்துக் கெடந்ததுக்குத் தான்தான் காரணம்னு மருகியே போயிருவா. அவ சொன்னபடியே நான் நல்லானதா இருந்துட்டுப் போகட்டும்'னாங்க."

அக்கா, கிட்டத்தட்ட ஒரு வருடமாக உங்கள்மேல் கோபமாக இருந்துவிட்டேன். குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். இது நோயின் அழுகையா, உங்களுக்கான அழுகையா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் தெளிவு வருமா, இதே மாத்திரை எனக்கும் ஒத்துக்கொள்ளுமா, எதுவும் தெரியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு மாத்திரையை விழுங்கினேன்.

நான் குற்றவாளியாகிவிடக் கூடாது என்பதற்காக, என் பெருமைப் பேச்சையும் கேட்டுக்கொண்டு, என் கண்ணெதிரே இரண்டு வருடம் ஒளிந்து ஒளிந்து குணமானீர்கள். நீங்கள் எனக்குத் தெரியாமல் வைத்திருந்த அந்தப் பாரம் இப்போது என்னிடம் வந்துவிட்டது. அது என்னிடமே இருக்கட்டும். ஆனால் நான் ஒளிய மாட்டேன் அக்கா. ஊரறியச் சாப்பிடுவேன்.