உப்புவெளியில் ஓடும் சலங்கை

மலையையும் உப்பையும் எல்லையாகக் கொண்ட மஞ்சுகோட்டு நாட்டை ஆளும் இளங்கண்டீரக் கோமான், உப்புவெளிச் சாவடித் தலைவர் பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கிணறு வற்றாது ஊறுக. உம் சாவடி விளக்கு அவியாது எரிக. உம் வாயிலைக் கடந்து போவோர் யாவரும் நலமாய்த் திரும்புக.

ஓலை சுமந்து ஓடும் வழியில் உயிர்விட்டவனின் சலங்கையைக் கோட்டை வாயிலில் தொங்கவிடுவது நம் நாட்டு வழக்கம் என்பதை நீர் அறிவீர். அவன் ஓடியவற்றுள் மிக விரைந்த ஓட்டத்தை வேறொருவர் முந்தும்வரை அது மண்ணுக்குள் போகாது, அவனும் ஓயமாட்டான். தித்தனின் சலங்கை அவ்வாறே தொங்கியது. கணவாயில் சூரியனோடு புறப்பட்டு, கோபுர நிழல் வாயிற்கல்லைத் தொடும் வேளையில் வந்து சேர்ந்தவன் அவன். அந்த நிழலையும் வெல்ல எண்ணி மறுபடி ஓடிய நாளில்தான் உப்புவெளியில் விழுந்தான்.

அவன் தங்கை எயினி அண்ணனை ஓயவைக்க உறுதி பூண்டாள். கணவாயை விட்டு இறங்கியதுமே அவளுக்கு முன்னால் சலங்கை ஒலித்தது. வளைவுக்கு அப்பால், எப்போதும் ஒரு வளைவுக்கு அப்பால். சிறு வயதில் அவன் பின்னால் ஓடியவளாயிற்றே; விடுவாளா? இறக்கத்தில் கால்களை அவிழ்த்துவிட்டாள். காடு கடந்தபோது தொடைகள் கல்லாகியிருந்தன. உப்புவெளியில் சலங்கை சட்டென நின்ற இடத்திலேயே அவளும் விழுந்தாள். அடுத்த முறையும் அதே இடம். வாயெல்லாம் உப்பாகக் கிடந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: தான் துரத்துவது அண்ணன் வென்ற நாளின் ஓட்டமல்ல, இறந்த நாளின் ஓட்டம்.

மறுமுறை அவள் சலங்கையைப் போகவிட்டாள். மூச்சு இரைக்காத அளவுக்கே கால் வைத்தாள். ஒலி தேய்ந்து, காட்டுக்குள் அறவே மறைந்தபோது, அவனை இரண்டாம் முறை சாகக் கொடுத்ததுபோல இருந்தது அவளுக்கு. ஆயினும் கால்களை விரட்டவில்லை. உம் சாவடியைக் கடக்கையில் உம் ஆட்கள், புகுந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போகிறாளோ பெண், கூடை எங்கே என்று கேட்டுச் சிரித்தார்களாம். அண்ணனுக்குத்தான் கொண்டு போகிறேன், உங்களுக்கு மிச்சம் இராது என்று சொல்லி, நீரை வாங்கிக் குடித்து, நிதானமாகவே வெண்ணிற வெளியில் இறங்கினாளாம்.

அங்கே சலங்கை மீண்டும் கேட்டது. தடுமாறும் சலங்கை. கால்களில் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து அவள் அதை நெருங்கினாள். பக்கத்தில் மூச்சு இரைத்தது. உப்பில் ஒரு நிழல்தான் ஓடியது. கடந்துவிட்டால் இனி ஒருபோதும் கேட்காது என்று அறிந்து, அவள் சற்றுத் தூரம் அதனோடு சேர்ந்தே ஓடினாள். தொலைவில் கோபுர நிழல் நீண்டுகொண்டிருந்தது. பின்பு சலங்கைதான் முதலில் நின்றது, வழிவிடுவதைப் போல. ஓடும்போது திரும்பிப் பார்க்கலாகாது என்ற விதியை அவள் மீறவில்லை. எவ்வளவு பாடுபட்டு அதைக் காத்தாள் என்பதை, நிழலுக்கு ஒரு விரலளவு முன்னால் வாயிற்கல்லில் விழுந்தவளின் முகத்தில் நாமே கண்டோம்.

தித்தனின் சலங்கையை நம் கையாலேயே இறக்கினோம். ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்த தோல்வார் அது. வியர்வையில் நனைந்திருந்தது.

பரிசு யாது வேண்டும் என்று வினவினோம். சலங்கையைத் தானே கொண்டு சென்று, அது நின்ற இடத்திலேயே புதைக்க வேண்டும் என்றாள். இசைந்தோம்.

ஆதலால் ஆணையிடுகிறோம்: உம் ஆட்கள் உப்பைத் தோண்டிக் குழி அமைத்துத் தருக. சாவடியில் அவளுக்கென இரண்டு குவளைகளில் நீர் வைக்கப்படுக. இரண்டாவது யாருக்கென்று எவரும் வினவலாகாது. இவ்வோலை அவள் கையிலேயே வருகிறது. அவள் நடந்து வருவாள். இப்பயணத்திற்கு நிழல் அளக்கலாகாது.

கோபுர முத்திரை இட்டோம். சொன்னபடி நடக்க.